பிடித்த பாட்டும் நல்ல பாட்டும்: காதைப் பழக்க நான்கு வழிகள்

ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் கேட்ட கேள்வி இது: "எனக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் இந்தப் பாட்டு நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் பிடித்திருக்கிறது என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. பாட்டு வகுப்பில் சேரட்டுமா? மார்கழியில் சென்னைக்கு வந்து பத்து நாள் கச்சேரி கேட்கட்டுமா? செயலிக்குச் சந்தா கட்டிவிட்டால் போதுமா?" வயதும் ஊரும் மாறினாலும் ஏறத்தாழ இதே கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். கையில் இருப்பது வாரத்துக்கு நான்கைந்து மணி நேரமும் ஓரளவு பணமும். அதை எதில் போடுவது என்பதுதான் அவர்களுடைய சிக்கல்.

அவர் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறதா என்பது ஒன்று. அது நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை சொல்ல எந்தப் பயிற்சியும் தேவையில்லை. இரண்டாவதற்குத்தான் காது பழக வேண்டும். பழக்கும் வழிகள் ஒவ்வொன்றும் காதை ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்துவிடுகின்றன என்பதால், வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அளவுகோலைப் பேசிவிடுவது நல்லது.

எதை வைத்து எடைபோடுவது

நல்ல இசை எது என்று மேலிருந்து தீர்மானிக்கும் முயற்சி நம் நாட்டில் நடந்து பார்த்தாயிற்று. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. 1971இல்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. கட்டை கட்டையாக நிற்கும் அதன் சுரங்களில் கமகம் (சுரத்தை அசைத்து வளைத்துப் பாடும் நயம்) வராது என்பது தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, அது உண்மையும்கூட. ஆயினும் நாடக மேடைகளில் அந்தப் பெட்டியைக் கேட்டு வளர்ந்தவர்களின் செவிக்கு அந்தக் காரணம் எட்டவே இல்லை. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர் திரைப்பாடல்களை வானொலியிலிருந்து ஒதுக்கினார். நேயர்கள் ரேடியோவின் குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் விவித பாரதியைத் தொடங்கித்தான் அரசு அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதையைச் சொன்னவுடன், "அவரவர் ரசனை அவரவருக்கு, இதில் நல்லது கெட்டது ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆதார சட்ஜத்தை, அதாவது பாட்டுக்கு அடிப்படையான 'சா'வை, விட்டு இறங்கிப் பாடுகிறவர் இறங்கித்தான் பாடுகிறார். அதைக் கேட்கிறவர் கவனிக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்து அது மாறாது. ஆனால் எந்த இசைக்கு எந்த அளவுகோல் என்பதில் விவேகம் வேண்டும். ஒப்பாரியில் சுருதி பிசகியது என்று குறை சொல்பவரைத் துக்க வீட்டில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். வடசென்னையில் இறந்தவரைப் பற்றி இரவெல்லாம் இட்டுக்கட்டிப் பாடப்படும் மரண கானாவை ராக இலக்கணம் கொண்டு அளப்பது, வேட்டியை அளக்கும் கோலால் பாலை அளப்பதற்குச் சமம். அங்கே கேட்க வேண்டியது, அந்த மனிதரின் வாழ்க்கை அந்தச் சொற்களில் வந்துவிட்டதா என்பதுதான். பாடலோடு பொருந்தாத பண்ணால் என்ன பயன் என்று வள்ளுவர் கண்ணோட்டத்துக்கு (இரக்கத்துக்கு) உவமை சொல்லும்போது கேட்டது இந்த இயைபைத்தான்.

ஆகவே நான்கு வழிகளையும் ஐந்து கேள்விகளால் சோதிக்கிறேன். சுருதியும் லயமும் (தாள ஓட்டமும்) காதுக்குப் புலப்படும்படி அந்த வழி செய்கிறதா? சொல்லும் இசையும் இடமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கக் கற்றுத் தருகிறதா? அடுத்தவர் கருத்து நம் காதில் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது? பழக்கமில்லாத இசையின் பக்கம் நம்மைக் கொண்டுபோகிறதா? கடைசியாக, வெளியே தெரியும் செலவு எவ்வளவு, தெரியாத செலவு எவ்வளவு? பெரும்பாலும் கர்நாடக இசையிலிருந்தே எடுத்துக்காட்டுகள் தருகிறேன். நான் அதிகம் கேட்டது அது என்பதைத் தவிர வேறு உயர்வு தாழ்வு எண்ணம் இல்லை.

முதல் வழி: பாட்டு வகுப்பு

சுருதியைப் பொறுத்தவரை இதற்கு ஈடான வழி இல்லை. ஆசிரியர் முதல் நாள் தம்புராவை மீட்டிவிட்டு, "சா சொல்லுங்கோ" என்கிறார். சொல்கிறோம். அவர் தலையை அசைக்காமல் மீண்டும் மீட்டுகிறார். மறுபடி சொல்கிறோம். பத்தாவது முறையோ இருபதாவது முறையோ நம் குரலும் தந்தியின் ஒலியும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட, நாம் பாடுகிறோமா இல்லையா என்றே தெரியாமல் ஒரு கணம் நிற்கிறது. அந்த ஒரு கணத்துக்குப் பிறகு, சுருதி சேராத குரல் எது என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் சில வாரங்கள் பொறுமையாக உட்கார்ந்தால், யாருமே மீட்டாத ஒரு சுரம் தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியிலிருந்து தானாக எழுவது கேட்கும். அதுதான் அந்தர காந்தாரம் எனப்படும் 'க' சுரம். அந்தத் தந்தியின் அடிப்படை அதிர்வெண்ணைப் போல் ஐந்து மடங்கில் எழும் மேலொலி. அதைக் கேட்டுவிட்ட நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கீபோர்டை வைத்துச் சுரம் பிடிக்கச் சொல்லித்தரும் வகுப்புகள் இப்போது நிறைய உண்டு. கீபோர்டின் சம இடைவெளிச் சுரவரிசையில் அந்தக் காந்தாரம் தம்புராவில் எழுவதைவிட ஏறத்தாழ 14 சென்ட் கூடுதலாக நிற்கிறது. அரைச்சுரம் ஒன்றுக்கு 100 சென்ட் என்று கணக்கிட்டால் இது அதில் ஏழில் ஒரு பங்கு. திரையிசை பாட விரும்புபவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. கர்நாடக இசையை எடைபோடக் காதைப் பழக்க வந்தவர் தம்புராவோ சுருதிப் பெட்டியோ இருக்கும் வகுப்பைத் தேடிச் சேர்வதே நல்லது. இணையவழி வகுப்பில் இன்னொரு குறை உண்டு: ஒலி போய்வரும் தாமதத்தால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாட முடியாது. சேர்ந்து பாடும்போதுதான் காது திருத்திக்கொள்ளும் என்பதால், முதல் ஆறு மாதமாவது நேரில் உட்கார்ந்து கற்பது நலம்.

தெரிந்த செலவு மாதக் கட்டணம். தெரியாத செலவுகளில் முதன்மையானது காலம். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி என்று படியேறி வர்ணத்துக்கு வந்து சேர, வாரம் ஒரு வகுப்பும் தினம் அரை மணிப் பயிற்சியும் உள்ள ஒருவருக்கு மூன்று ஆண்டுகளாவது ஆகும் என்பது நான் பார்த்த வரையிலான கணக்கு. முதலாண்டில் கிட்டத்தட்ட ஒரே ராகத்தோடு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறவர்கள் பெரும்பாலும் அலங்காரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

இரண்டாவது மறைமுகச் செலவு வீட்டில் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. என் உறவுக்காரப் பெண் வகுப்பில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், தொலைக்காட்சியில் ஓடிய பாட்டுப் போட்டியைப் பார்த்து, "அம்மா, அவ ஸ்ருதி சேராமப் பாடறா, மாத்து" என்றாள். "எனக்கு நல்லாத்தான் இருக்கு, நீ சும்மா இரு" என்றார் அவள் தாயார். இருவர் சொன்னதும் சரி. வகுப்பு முதலில் தருவது குறை காணும் காதை. நிறை காணும் காது அதற்குப் பின்னாலேதான் வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை. பாட்டில் எத்தனை உயிர் இருந்தாலும் ஒரு நிஷாதம் ('நி' சுரம்) தொங்கியதை மட்டுமே சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்றால், கேட்பதோடு பாடவும் ஆசை உள்ளவருக்கு, வேலை நேரம் நிலையாக உள்ளவருக்கு, ஓராண்டு வரை எந்தப் பலனும் தெரியாவிட்டாலும் பொறுத்துக்கொள்பவருக்கு.

இரண்டாம் வழி: சபாவும் கச்சேரியும்

சென்னையின் டிசம்பர் இசை விழாவுக்கு ஒரு நூற்றாண்டு நிறையப் போகிறது. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே நிறைந்திருந்த நாளில், தமிழ்ப் பாடல்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டு அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. சொல் புரிந்து கேட்பதும் நல்ல கேட்டலின் ஒரு பகுதிதான் என்ற அந்த வாதத்தை நான் இன்றும் முக்கியமாகக் கருதுகிறேன். நம் இரண்டாவது அளவுகோல் அதில் அடங்கியிருக்கிறது.

நேரில் கேட்பதன் பெருங்கொடை லயம். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல்கள், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று எட்டு எண்ணிக்கையைத் தொடையில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் ஒரு பெரியவர் இருப்பார். அவர் கையைப் பார்த்துக்கொண்டே நாமும் போட்டால், பாடகர் எடுப்புக்கு (பாட்டின் வரி தாளத்தில் தொடங்கும் இடத்துக்கு) எப்போது திரும்புகிறார் என்பது இரண்டு மூன்று கச்சேரிகளில் பிடிபட்டுவிடும். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து காண்டீனுக்குப் போவார்கள். அப்போது போகாமல் இருப்பது ஒன்றே இந்த வழியில் செல்பவருக்கு நான் தரும் உறுதியான அறிவுரை. அடை அவியல் எங்கும் ஓடிவிடாது. முடிவில் வரும் தாளக் கோப்பான கோர்வை முடிந்து மிருதங்கமும் கடமும் பாட்டின் எடுப்பில் வந்து விழும் இடத்தில் உடம்பு தானாக நிமிர்வதை எந்த ஒலிப்பதிவும் முழுதாகத் தருவதில்லை.

இன்னொரு நன்மை, மேடையில் திருத்தம் செய்ய வழியில்லை. குரல் ஏறாவிட்டால் ஏறவில்லை, அவ்வளவுதான். ஒரு தவறுக்குப் பிறகு வித்வான் எப்படி மீள்கிறார் என்பதில் அவருடைய தரம் தெரிந்துவிடும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்தளித்த வரிசையில், வர்ணத்தில் தொடங்கி, சிறு உருப்படிகள் வழியாகப் பெரிய ராகத்துக்கு ஏறி, கடைசியில் வரும் சிறு பாட்டுகளான துக்கடாக்களில் இறங்கும் இரண்டரை மணி நேரத்தை முழுமையாகக் கேட்டவருக்கு, ஒரு பாட்டை அதற்கு முன்னும் பின்னும் வரும் பாட்டுகளோடு சேர்த்து எடைபோடும் பழக்கம் வரும்.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். வெளியூர்க்காரருக்குத் தங்கும் செலவு, விடுப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டால் நுழைவுச்சீட்டின் விலை சிறியது. இளங்கலைஞர்கள் பாடும் பகல் நேரக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். பல அரங்குகளில் ஒலிபெருக்கியின் அளவு மிகையாக வைக்கப்படுவதால், வயலின் எங்கே, தம்புரா எங்கே என்றே தெரிவதில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, பக்கத்து இருக்கை. அவர் "பேஷ்" என்றால் நமக்கும் அது நல்ல சங்கதியாக (ஒரே வரியை மாற்றி அழகுபடுத்திப் பாடும் விதமாக) படுகிறது. அவர் கைபேசியை எடுத்தால் நமக்கும் சலிப்பு வருகிறது. மூன்றாவது அளவுகோலில் சபா தோற்றுப்போகிறது என்றே சொல்வேன். பெயர் பெற்றவர் பாடினார், அரங்கு நிறைந்தது, ஆகவே நன்றாக இருந்தது என்று வீட்டுக்கு வந்து சொல்வது மிக எளிது.

சென்னை, திருச்சி, கோவை போன்ற ஊர்களில் இருப்பவருக்கும், தனியாக உட்கார்ந்து கேட்டால் கவனம் சிதறுபவருக்கும் இது ஏற்ற வழி. வெளியூர்க்காரர் பத்து நாள் விடுப்பைச் செலவழிப்பதற்கு முன், தம் ஊர்க் கோயில் திருவிழாவில் நாகசுரக் கச்சேரியோ ஓதுவார் பாடும் தேவாரமோ உண்டா என்று விசாரிக்கலாம். ஒலிபெருக்கி இல்லாமல் தெருவில் நாலு வீடு தள்ளி நின்று கேட்கும் மல்லாரி (சுவாமி புறப்பாட்டில் நாகசுரத்தில் வாசிப்பது), எந்த அரங்கிலும் கிடைக்காதது.

மூன்றாம் வழி: செயலி

பழகாத இசை என்ற நான்காம் அளவுகோலில், கைபேசிச் செயலிக்கு இணையாக மனித வரலாற்றில் எதுவும் இருந்ததில்லை. மாலி நாட்டின் கோரா வாத்தியத்தையும் நூறாண்டு பழமையான இசைத்தட்டையும் பேருந்தில் நின்றுகொண்டே கேட்டுவிடலாம். ஆனால் கிடைப்பது வேறு, கைக்கு வருவது வேறு. செயலி நாம் ஏற்கெனவே கேட்டதை வைத்துத்தான் அடுத்ததை நீட்டுகிறது. நேற்று இளையராஜா கேட்டவருக்கு இன்றும் இளையராஜா வருகிறது. நாளை அவரைப் போன்ற ஒருவர் வருகிறார். தேடுபவருக்கு அது கடல், தேடாதவருக்கு வீட்டுக் கிணறு.

ரசனை எப்படி உருவாகிறது என்பதில் இதற்கொரு பின்னணி உண்டு. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நம் பழமொழி. ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: வேறு எந்தக் காரணமும் இல்லாமல், திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது என்பதற்காகவே ஒன்று நமக்குப் பிடித்துப்போகிறது. பாட்டில் இரண்டும் நடக்கின்றன. முதல் சில முறை பழக்கம் இனிமையைக் கூட்டுகிறது, எளிய பாட்டாக இருந்தால் பிறகு விரைவில் புளிக்கிறது. செயலி ஒரு புதுப்பாட்டை வாரத்தில் ஏழு முறை நம் காதில் போட்டால், எட்டாம் முறை அது பிடித்திருப்பதில் பாட்டின் பங்கு எவ்வளவு, செயலியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எண்ணிக்கையும் அப்படித்தான். சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவர் 2006இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட சோதனையில், ஏறத்தாழ 14,000 பேருக்கு அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாட்டுகள் தரப்பட்டன. ஒரு பிரிவினருக்குப் பதிவிறக்க எண்ணிக்கை காட்டப்படவில்லை. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகத்தின் எண்ணிக்கையைப் பார்த்தபடி தேர்ந்தெடுத்தார்கள். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் ஏற்றத்தாழ்வு கூடியது. ஓர் உலகத்தில் முன்னணியில் நின்ற பாட்டு இன்னொன்றில் பின்தங்கியது. மிகச் சிறந்தவை அரிதாகவே மோசமாகத் தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. நடுவில் இருந்த பெரும்பகுதிக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. பாட்டுக்குக் கீழே "2 கோடி பேர் பார்த்தது" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்பவர், பக்கத்து இருக்கையின் "பேஷ்" ஒலியைக் கோடி மடங்காக்கிக் கேட்கிறார்.

சுருதி விஷயத்தில் செயலி ஏறத்தாழ உதவாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆட்டோ-டியூன் மென்பொருள் 1997இல் வந்தது முதல், ஒலிப்பதிவில் சுருதி சுத்தம் என்பது பாடகரின் திறமைக்குச் சான்றாக இருப்பது மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. எல்லோரும் சுத்தமாகப் பாடும் உலகத்தில் பிசகு எப்படி இருக்கும் என்று காதுக்குத் தெரியாமலே போகிறது. பாட்டின் வடிவமும் மாறியிருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. நீண்ட முன்னிசைக்குப் பிறகு பல்லவி தொடங்கும் பாட்டுக்கு இந்தக் கணக்கு சாதகமானதன்று. கலைத்துப் போடும் (ஷஃபிள்) வசதியில், மூன்று பகுதிகளாக வரிசையாக வளரும் ராகம் தானம் பல்லவியைக் கேட்டால், பல்லவி முதலில் வந்து ராகம் கடைசியில் வரும். சிரிக்கத்தான் வேண்டும்.

செவிக்கான செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. ஒலி கூடக் கூட அந்த நேரம் விரைவாகச் சுருங்கும். பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுகிறவர்கள் இந்த எல்லையை அறியாமலே கடந்துவிடுகிறார்கள்.

பயணத்திலேயே கேட்கும் நேரம் கிடைப்பவருக்கும், ஏற்கெனவே ஓரளவு காது பழகி எதைத் தேடுவதென்று அறிந்தவருக்கும் செயலி நல்ல கருவி. தொடக்கக்காரருக்கு அதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காம் வழி: ஒரு கீர்த்தனை, ஐந்து குரல்

நண்பர் கேட்காத வழி இது. ஒரே உருப்படியை எடுத்துக்கொண்டு, ஐந்து வித்வான்கள் பாடிய ஒலிப்பதிவுகளைத் தேடி, வாரத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றையும் நான்கைந்து முறை கேட்பது. கேட்ட பிறகு, யாருடைய கருத்தையும் படிப்பதற்கு முன், நோட்டில் மூன்று வரி எழுதுவது. முதல் வரி பிடித்ததா என்பது. இரண்டாவது வரியில் சுருதி, லயம், சொல் ஆகிய மூன்றில் எது எங்கே நன்றாக இருந்தது அல்லது சறுக்கியது என்பது. மூன்றாவது வரி முந்தைய குரலிலிருந்து இது எதில் மாறுபட்டது என்பது.

உருப்படி தமிழில் இருந்தால் இயைபும் புலப்படும். கோபாலகிருஷ்ண பாரதியின் "வருகலாமோ" இதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் பாட்டு. பைரவிக்கு நெருங்கிய உறவான மாஞ்சியில், நிதானமாக நகர்வது. சாதியின் பெயரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தன், உள்ளே வரலாமா என்று கேட்கிறான். அந்த ஓகாரத்தை மட்டும் உற்றுக் கேட்டாலே போதும்: சிலர் குரலில் அது உண்மையாகவே கேள்வியாகத் தயங்கி நிற்கிறது, சிலர் குரலில் வரப்போவதை அறிவிக்கிறது, சிலர் அதன்மேல் அழகான சங்கதி ஒன்றைப் போட்டு நந்தனை மறந்துவிடுகிறார்கள். சங்கதி எத்தனை சுத்தமாக இருந்தாலும் கேள்வி போய்விட்டால் அது அந்தப் பாட்டில் பிழை என்பது என் தீர்ப்பு. இதை மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல காது உள்ளவர்கள்தான்.

அடுத்த சுற்றுக்குத் தியாகராஜரின் "நகுமோமு" நல்லது. பழைய பாடத்தில் அந்தக் கீர்த்தனையின் ராகமான ஆபேரிக்குச் சுத்த தைவதம், அதாவது 'த' சுரத்தின் தாழ்ந்த வடிவம்; இன்று மேடைகளில் பெரும்பாலும் ஒலிப்பது அதைவிட ஒரு படி உயர்ந்த சதுச்ருதி தைவதம். முசிறி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டு அந்தக் கீர்த்தனையை வீடு வீடாகக் கொண்டுபோனது. இலக்கணப்படி பார்த்தால் மாறிப்போன ஒரு சுரம், கேட்பவர்கள் ஏற்றுக்கொண்டதால் வழக்காகிவிட்டது. சரி தவறு என்பதிலும் ஒரு பகுதி பழக்கம்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டும் இணைய இணைப்பும் போதும். மறைமுகச் செலவுகள் உண்டு. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சமே பிடிக்கும். அந்தக் கால வித்வான்கள் அதற்குள் அடக்கிப் பாடியதை வைத்து அவர்களுடைய ஆலாபனையை எடைபோட்டால் அநியாயமாகும். இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது ஒலி அளவைக் கையால் சமப்படுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானது போலவே தோன்றும். எல்லாவற்றுக்கும் மேல், இது தனிமையான வழி. நோட்டில் எழுதியது சரியா என்று சொல்ல ஆள் இல்லாததால், சுருதி பிசகை அடையாளம் காண்பதில் தொடக்கக்காரர் பல மாதம் தடுமாறுவார். அந்த ஓர் அளவுகோலில் வகுப்பு இதைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது.

பழகாத இசை என்பதைத் தவிர்த்த மற்ற மூன்றிலும் இதற்கே என் வாக்கு, குறிப்பாக அடுத்தவர் கருத்து என்ற மூன்றாம் அளவுகோலில். பெயரும் எண்ணிக்கையும் பக்கத்து இருக்கையும் இல்லாமல் நம் காது தனியாக நிற்பது இங்கே மட்டும்தான்.

எவருக்கு எது

பாட ஆசை இருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், வகுப்புதான். தம்புரா இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நகரத்தில் இருந்து, மாலைகள் ஓய்வாக இருந்தால், மாதம் இரண்டு கச்சேரியை முழுமையாகக் கேளுங்கள். பத்து நாளில் முப்பது கச்சேரி ஓடுவதைவிட அது மேல். பிள்ளைகளுக்காகக் கேட்கிறவர்கள் வகுப்பையும் வீட்டில் ஒலிக்கும் நல்ல பதிவுகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வகுப்பு மட்டும் என்றால் பிழை பிடிக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். ஷிப்ட் வேலை, வெளிநாட்டு வாழ்க்கை, வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்று நேரம் நம் கையில் இல்லாதவர்களுக்கு நான்காம் வழி. ஆறு மாதத்துக்குப் பிறகும் ஆர்வம் குன்றவில்லை என்றால், ஓராண்டு வகுப்பில் சேர்ந்து சுருதியை மட்டும் உறுதிசெய்துகொள்ளலாம்.

ஒரே ஒரு குறிப்பு. இன்று பிடிக்காதது என்றைக்கும் பிடிக்காது என்று நோட்டில் கோடு போட்டுவிட வேண்டாம். இருபது வயதில் எனக்கு ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் மின்னல் பிருகாக்களை (வேகமாக உருளும் சுரக் கோவைகளை) தவிர வேறு எதுவும் பாட்டாகத் தெரியவில்லை, எம்.டி.ராமநாதனின் கனத்த குரலும் சவுக்க காலமும் (மிக மெதுவான நடையும்) பொறுமையைச் சோதித்தன. நாற்பதைத் தாண்டியபின் ஒரு மழை இரவில் அவர் குரலில் ஒரு ராகத்தின் முதல் நான்கு சுரங்கள் விரிவதைக் கேட்டுவிட்டு, இத்தனை நாள் எங்கே இருந்தேன் என்று எனக்கே தோன்றியது. ஜி.என்.பி.யின் மதிப்பு அதனால் என்னிடம் குறையவில்லை.

ஓசூர் நண்பர் நான்காம் வழியைத்தான் எடுத்துக்கொண்டார். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கும் முன் ஒரு முறை கேட்பாராம். போன மாதம் "வருகலாமோ" நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். மூன்றாவது குரலாக எம்.டி.ராமநாதனைக் கேட்டிருக்கிறார். அதன் கீழே நீல மையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "எனக்குப் பிடிக்கவில்லை, ரொம்ப மெதுவாகப் போகிறது. சுருதி கொஞ்சம்கூட அசையவில்லை. இவர் நிஜமாகவே வாசலில் நின்று கேட்கிறார்."